பிரஷர் மாத்திரைப் பெயருக்குப் பின்னால் வரும் பெசிலேட், அர்ஜினைன் எல்லாம் என்ன?

பிரஷர் மாத்திரையில் உப்பு இருக்கிறது என்று சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் பதறிவிடுவார்கள். உப்பைக் குறைக்கச் சொல்கிறார், ஊறுகாயைத் தொடாதே என்கிறார், மீ சூப்பைக்கூட முழுசாகக் குடிக்க விடுவதில்லை, அப்படிப்பட்ட டாக்டர் எழுதித் தரும் மாத்திரையே உப்பு என்றால் எப்படி? ஆனால் விஷயம் அதுதான். பெட்டியைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படித்துப் பாருங்கள், அம்லோடிபின் பெசிலேட், பெரிண்டோபிரில் அர்ஜினைன், மெட்டோப்ரோலால் சக்சினேட், லோசார்ட்டான் பொட்டாசியம் என்று பல பெயர்களுக்குப் பின்னால் ஒரு வால் இருக்கும். அந்த வால்தான் உப்பு. சாப்பாட்டு உப்பு இல்லை, வேதியியல் பாடத்தில் வரும் உப்பு.

சிங்கப்பூரில் 18 முதல் 74 வயது வரை உள்ள குடியிருப்பாளர்களில் 37 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதாக 2021-2022ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு சொன்னது. அதாவது மூன்று பேரில் ஒருவருக்கும் மேல். நம் வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாலிகிளினிக்கில் வாங்கியது ஒரு பெட்டி, ஜோகூர் பாருவில் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கியது இன்னொரு பெட்டி, ஊரிலிருந்து வந்த அம்மா கைப்பையில் கொண்டுவந்த அட்டைகள் வேறு. மூன்றிலும் ஒரே மருந்துதான், ஆனால் வால் வேறு, சில நேரம் எண்ணும் வேறு. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் உப்பு எப்படி உண்டாகிறது என்று பார்த்துவிடலாம். அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பு, பள்ளியில் படித்ததுதான். அம்லோடிபின் ஒரு மென்மையான காரம். அதைத் தனியாக எடுத்துத் தூளாக்கினால் தண்ணீரில் சரியாகக் கரையாது, மாத்திரையாக அழுத்தவும் தோதாக இருக்காது. அதனால் ஓர் அமிலத்தோடு சேர்த்துப் படிகமாக்குகிறார்கள். பென்சீன்சல்போனிக் அமிலத்தோடு சேர்ந்தால் அம்லோடிபின் பெசிலேட், மேலிக் அமிலத்தோடு சேர்ந்தால் மேலியேட், மீத்தேன்சல்போனிக் அமிலத்தோடு சேர்ந்தால் மெசிலேட். கொரியாவில் கேம்சைலேட் என்று ஒன்று விற்கிறது, அதற்கான அமிலம் கற்பூரத்திலிருந்து வருவது, ஆமாம், சாமிக்கு ஏற்றும் அதே கற்பூரம்தான். மறுபக்கம் லோசார்ட்டான் தானே ஓர் அமிலம், அதனால் அதற்கு பொட்டாசியத்தைத் துணையாகச் சேர்த்திருக்கிறார்கள். உலகில் புழங்கும் மருந்துகளில் ஏறக்குறைய பாதி இப்படி ஏதோ ஓர் உப்பாகத்தான் வருகிறது.

மாத்திரையை விழுங்கியதும் வயிற்று நீரில் அது கரைகிறது. கரைந்த உடனே அம்லோடிபினும் பெசிலேட்டும் பிரிந்து அதனதன் வழியில் போய்விடும். இரத்தத்தில் ஏறி, இரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் தசைகளுக்குள் கால்சியம் நுழைவதைக் குறைத்து, குழாயைத் தளர்த்துவது அம்லோடிபின் மட்டும்தான். பெசிலேட்டுக்கு அந்த வேலையில் பங்கே இல்லை. அது மேலியேட்டாக வந்திருந்தாலும் கேம்சைலேட்டாக வந்திருந்தாலும் இரத்தத்துக்குள் போவது அதே மூலக்கூறுதான். அது எவ்வளவு போகிறது, எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதில் பெரிய மாற்றம் இல்லாதவரை, அழுத்தமானியில் தெரியும் எண்ணும் மாறாது.

அப்படியானால் எதற்கு இத்தனை உப்புகள், ஒன்றே போதாதா என்று கேட்கலாம். இதற்கு அம்லோடிபின் கதையே நல்ல பதில். ஃபைசர் நிறுவனம் இங்கிலாந்தில் இந்த மருந்தை உருவாக்கியபோது முதலில் எடுத்துக்கொண்டது மேலியேட் உப்பைத்தான். ஆய்வகத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, மாத்திரை செய்யப் போனபோது இரண்டு தொல்லைகள் வந்தன. தூள், மாத்திரை அழுத்தும் இயந்திரத்தின் அச்சில் ஒட்டிக்கொண்டது. அதோடு மேலிக் அமிலம் சும்மா இருக்காமல் நாளடைவில் அம்லோடிபினோடு வினைபுரிந்து வேறு பொருள்களை உண்டாக்கியது, அதாவது மாத்திரை பெட்டிக்குள்ளேயே மெல்லக் கெட்டது. வேறு பல அமிலங்களைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, கடைசியில் அதுவரை மருந்துகளில் மிக அரிதாகவே பயன்பட்ட பென்சீன்சல்போனிக் அமிலத்தைத் தேர்ந்தார்கள். நன்றாகக் கரைய வேண்டும், கெடாமல் இருக்க வேண்டும், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக் கூடாது, இயந்திரத்தில் ஒட்டக் கூடாது, இவ்வளவுதான் தேவை. இதில் நோயாளியின் அழுத்தத்தை இன்னும் அதிகமாகக் குறைக்க வேண்டும் என்ற கணக்கு எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அமெரிக்காவில் 1992இல் நார்வாஸ்க் என்ற பெயரில் அனுமதி பெற்றது இந்த பெசிலேட்தான்.

அப்புறம் நடந்தது இன்னும் சுவாரசியம். ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம், நாங்கள் செய்வது பெசிலேட் இல்லை, மேலியேட், அதனால் உங்கள் காப்புரிமை நீட்டிப்பு எங்களைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லி அமெரிக்கச் சந்தைக்குள் நுழையப் பார்த்தது. 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை, வேலை செய்யும் பொருள் அம்லோடிபின்தான், உப்பை மாற்றியதால் நீட்டிப்பிலிருந்து தப்பிவிட முடியாது என்றது. ஃபைசருக்கு வெற்றி. மூன்று வருடம் கழித்து 2007இல் அபோடெக்ஸ் நிறுவனத்தோடு நடந்த வழக்கில் ஃபைசர், எங்கள் பெசிலேட் உப்பு தனிச்சிறப்பான கண்டுபிடிப்பு என்று வாதாடியது. அதே மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்தத் துறையில் இருப்பவர் எவரும் முயன்று பார்த்திருக்கக்கூடிய உப்புதான் இது என்று சொல்லிக் காப்புரிமையைத் தள்ளிவிட்டது. முதலில் உப்பு எதுவானால் என்ன மருந்து ஒன்றுதான், பிறகு எங்கள் உப்பே தனி! வியாபாரத்தில் உப்பின் மதிப்பு நாளுக்கொரு மாதிரி மாறும். நம்முடைய இரத்தக்குழாய்க்கு அந்த வேறுபாடு தெரியாது.

சரி, இப்போது எண்ணுக்கு வருவோம். உண்மையில் நோயாளிகளைக் குழப்புவது வால் இல்லை, பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் மில்லிகிராம்.

தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போது செதில், குடல், தலையோடு எடை போடுவார்கள், சுத்தம் செய்தபின் வீட்டுக்கு வரும் எடை அதைவிடக் குறைவு. இரண்டு எடையும் பொய் இல்லை, எப்போது நிறுத்தார்கள் என்பதுதான் கேள்வி. மாத்திரைப் பெட்டியும் அப்படித்தான், சில மருந்துகளுக்கு உப்பையும் சேர்த்த எடையை எழுதுகிறார்கள், சிலவற்றுக்கு உப்பைக் கழித்த எடையை எழுதுகிறார்கள். உலகம் முழுக்க ஒரே வழக்கம் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

அம்லோடிபினுக்கு உப்பைக் கழித்த எடை. பெட்டியில் 5 மி.கி. என்றால் சுத்தமான அம்லோடிபின் 5 மி.கி. உள்ளே உண்மையில் இருப்பது பெசிலேட்டாக இருந்தால் சுமார் 6.9 மி.கி., மேலியேட்டாக இருந்தால் சுமார் 6.4 மி.கி., கேம்சைலேட்டாக இருந்தால் சுமார் 7.8 மி.கி. அமிலத்தின் மூலக்கூறு எவ்வளவு கனமோ அவ்வளவு கூடுதல். ஆனால் பெட்டியின் முகப்பில் எல்லாம் 5 தான். அதனால் அம்லோடிபினில் உப்பு மாறினாலும் எண்ணைப் பார்த்து யாரும் குழம்ப வாய்ப்பில்லை, 5க்கு 5. சில அட்டைகளில் மட்டும் சின்ன எழுத்தில் அம்லோடிபின் பெசிலேட் 6.93 மி.கி., அம்லோடிபின் 5 மி.கி.க்குச் சமம் என்று போட்டிருக்கும், அதைப் படித்துவிட்டு கடைக்காரர் அளவைக் கூட்டிக் கொடுத்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம்.

பெரிண்டோபிரில் கதை வேறு. இதற்கு உப்பைச் சேர்த்த எடையை எழுதுகிறார்கள். பழைய உப்பு எர்பூமின், அது 2, 4, 8 மி.கி. அளவுகளில் வந்தது. பிறகு செர்வியே நிறுவனம் அதே கவர்சில் என்ற பெயரில் அர்ஜினைன் உப்புக்கு மாறியது, அது 2.5, 5, 10 மி.கி. அளவுகளில் வருகிறது. அர்ஜினைன் ஓர் அமினோ அமிலம், எர்பூமினில் இருக்கும் துணைப்பொருளைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கனம். அதனால் 4 மி.கி. எர்பூமினில் இருக்கும் பெரிண்டோபிரிலும் 5 மி.கி. அர்ஜினைனில் இருக்கும் பெரிண்டோபிரிலும் ஏறக்குறைய ஒன்றுதான், முன்னதில் 3.34 மி.கி., பின்னதில் 3.4 மி.கி. எண் கூடியிருக்கிறது, மருந்து கூடவில்லை.

ஏன் மாற்றினார்கள் என்றால், எர்பூமின் உப்பு வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் அவ்வளவாகத் தாங்காது, அர்ஜினைன் உப்பு நன்றாகத் தாங்கும், கூடுதல் காலம் கெடாமல் இருக்கும். வருடம் முழுக்கப் புழுங்கும் நம்மைப் போன்ற ஊர்களுக்கு இது நல்ல காரணம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதன் பக்கவிளைவு குழப்பம். மருத்துவமனையில் 5 மி.கி. கொடுத்து அனுப்புகிறார்கள், அடுத்த முறை வேறோர் இடத்தில் எர்பூமின் ஜெனரிக், அதாவது மூல நிறுவனம் அல்லாத வேறு நிறுவனம் செய்தது, 4 மி.கி. கிடைக்கிறது. அளவைக் குறைத்துவிட்டார்கள், நமக்கு உடம்பு தேறிவிட்டது போல என்று ஒருவர் சந்தோஷப்படுவார், வலு குறைந்த மாத்திரையைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று இன்னொருவர் கோபப்படுவார். இருவருமே தவறு. இவர்களைவிட ஆபத்தானவர் மூன்றாமவர், பழைய பெட்டியில் பெயரின் பின்பாதி வேறு, எண் வேறு, ஆகவே இது வேறு மருந்து என்று முடிவுகட்டி இரண்டையும் சேர்த்து விழுங்குபவர். அழுத்தம் சரிந்து, படுக்கையிலிருந்து எழும்போது தலைசுற்றி விழுவது முதியவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

படித்துப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு. இதயநோயாளிகளுக்குப் பெரிண்டோபிரில் பலன் தருவதைக் காட்டிய யூரோப்பா ஆய்வு 2003இல் வெளியானது, அதில் கொடுத்த அளவு நாளுக்கு 8 மி.கி. என்று இருக்கும். அது எர்பூமின் கணக்கு. உங்கள் அர்ஜினைன் பெட்டியில் 10 என்று இருந்தால் அதே அளவுதான், ஆய்வைவிட அதிகமாகக் கொடுக்கிறார்கள் என்று டாக்டரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

மூன்றாவது உதாரணம் மெட்டோப்ரோலால், இதில்தான் உப்புக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு புகழ் போய்ச் சேர்ந்திருக்கிறது. டார்ட்ரேட், சக்சினேட் என இரண்டு உப்புகள். ஊரிலிருந்து வரும் அட்டைகளைப் பார்த்தால் மெட்டோப்ரோலால் சக்சினேட் 47.5 மி.கி., மெட்டோப்ரோலால் டார்ட்ரேட் 50 மி.கி.க்குச் சமம் என்று எழுதியிருப்பார்கள். எடைக் கணக்கு அவ்வளவுதான், சக்சினேட் கொஞ்சம் இலகு, 95க்கு 100. ஆனால் சக்சினேட்டை ஒரு வேளை போட்டால் போதும், டார்ட்ரேட்டைப் பொதுவாக இரண்டு வேளை போட வேண்டும், இதயம் பலவீனமானவர்களுக்கு சக்சினேட்தான் எழுதுவார்கள். அதனால் சக்சினேட் உப்பு உயர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள், சில டாக்டர்களே பேச்சுவாக்கில் அப்படிச் சொல்வதுண்டு.

உண்மையில் வித்தியாசம் மாத்திரையைக் கட்டிய விதத்தில் இருக்கிறது. மெட்டோப்ரோலாலை உடம்பு சில மணி நேரத்துக்குள் கழித்துவிடும், அதன் அரை ஆயுள், அதாவது இரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம், 3 முதல் 7 மணி நேரம்தான். சக்சினேட் மாத்திரைக்குள் நூற்றுக்கணக்கான குட்டிக் குருணைகள், ஒவ்வொன்றுக்கும் மேலே மருந்தை மெதுவாக வெளியே விடும் ஒரு பூச்சு, அதனால் ஏறக்குறைய நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து இறங்கிக்கொண்டே இருக்கும். டார்ட்ரேட் தண்ணீரில் மிகச் சுலபமாகக் கரையும், சக்சினேட் கரைவது அதைவிடக் குறைவு, அதனால் மெதுவாக வெளிவிடும் மாத்திரைக்கு சக்சினேட் தோதுப்பட்டது. அந்த அளவுக்குத்தான் உப்பின் பங்கு. 1999இல் வெளியான மெரிட் எச்எஃப் ஆய்வில் இதயம் பலவீனமான கிட்டத்தட்ட 4,000 பேருக்கு இந்த மெதுவாக வெளிவிடும் மாத்திரையையோ மருந்தில்லாத போலி மாத்திரையையோ கொடுத்துப் பார்த்தார்கள், மருந்து பெற்றவர்களிடம் இறப்பு 34 விழுக்காடு குறைந்தது. 2003இல் வந்த காமெட் ஆய்வில் கார்வெடிலால் என்ற இன்னோர் இதய மருந்தோடு போட்டியில் இறக்கியது உடனே கரையும் டார்ட்ரேட்டை, அது தோற்றது. சரியான வடிவத்தில், போதுமான அளவில் கொடுக்காமல் போட்டி வைத்தால் எப்படி என்று அப்போதே பெரிய வாக்குவாதம் நடந்தது.

நடைமுறையில் இதிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். மெட்டோப்ரோலாலில் மட்டும் டார்ட்ரேட்டை சக்சினேட்டாகவோ சக்சினேட்டை டார்ட்ரேட்டாகவோ நீங்களே மாற்றிக்கொள்ளக் கூடாது, ஒரு வேளை, இரண்டு வேளைக் கணக்கு கெட்டுவிடும். மெதுவாக வெளிவிடும் மாத்திரையைப் பொடித்துக் கஞ்சியில் கலந்து கொடுப்பதும் கூடாது, விழுங்கக் கஷ்டப்படும் தாத்தா பாட்டிகளுக்கு வீட்டில் பாசத்தோடு செய்யும் வேலை இது, பூச்சு உடைந்தால் நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து ஒரே அடியாக இறங்கிவிடும். நடுவில் கோடு போட்ட மாத்திரையை இரண்டாக உடைக்கலாமா என்பதை மருந்தாளரிடம் கேளுங்கள், சிலவற்றை உடைக்கலாம், எதையும் மெல்லக் கூடாது.

நிஃபெடிபின் என்று ஒரு மருந்து, அதற்கு உப்பே கிடையாது. ஆனாலும் சட்டென்று கரையும் பழைய நிஃபெடிபினுக்கும் நீண்டநேரம் வேலை செய்யும் எல்ஏ வகைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், முதலாவது அழுத்தத்தைத் தடாலென்று இறக்கும், இரண்டாவது நிதானமாக. எல்ஏ வகையில் மருந்து வெளியேறியபின் வெறும் கூடு மட்டும் மலத்தில் வரும், மாத்திரை அப்படியே வெளியே வந்துவிட்டது என்று பயந்து இன்னொன்றைப் போட்டுக்கொள்ள வேண்டாம், அது காலிக்கூடு. அம்லோடிபினுக்கு இந்தக் கட்டுமானம் எதுவும் தேவையே இல்லை, அதன் அரை ஆயுளே 30 முதல் 50 மணி நேரம், இயல்பிலேயே நீண்ட ஓட்டக்காரர்.

இனி, உப்பு மாதிரித் தெரிந்து உப்பு அல்லாத சில வால்கள். கேண்டசார்ட்டான் சிலெக்செட்டில், ஓல்மெசார்ட்டான் மெடாக்சோமில் இரண்டும் உப்புகள் இல்லை, குடலில் உறிஞ்சப்படுவதற்காக மருந்தோடு வேதிப்பிணைப்பால் கோத்த துண்டுகள், உள்ளே போனதும் உடம்பு வெட்டி எடுத்துவிடும். ஹைட்ரோகுளோரோதயசைடில் குளோரோ என்று வந்தாலும் அது ஹைட்ரோகுளோரைடு உப்பு இல்லை, மூலக்கூறின் பெயரே அப்படி. ஊரிலிருந்து வரும் அட்டைகளில் எஸ்-அம்லோடிபின் என்று ஒன்றைப் பார்க்கலாம், இதுதான் நம் வீடுகளில் அதிகம் குழப்புவது. சாதாரண அம்லோடிபினில் வலக்கை இடக்கை போல ஒன்றுக்கொன்று எதிர்வடிவமான இரண்டு மூலக்கூறுகள் சரிபாதியாக இருக்கும், அழுத்தத்தைக் குறைப்பது அதில் ஒரு பாதிதான். அந்தப் பாதியை மட்டும் பிரித்து எடுத்தது எஸ்-அம்லோடிபின், ஆகவே அதில் 2.5 மி.கி. என்றால் சாதாரண அம்லோடிபின் 5 மி.கி.க்குச் சமம். இங்கே வந்த அம்மாவுக்கு மாத்திரை தீர்ந்துவிட்டதென்று 2.5 என்ற எண்ணை மட்டும் பார்த்து சாதாரண அம்லோடிபின் 2.5 வாங்கிக் கொடுத்தால் பாதி மருந்துதான் போகும். எஸ் என்ற அந்த ஓர் எழுத்தைத் தேடிப் பாருங்கள், அட்டையைப் படம் எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

வேறு உப்புக்கு மாறினால் பக்கவிளைவு போகுமா என்றும் கேட்பார்கள். அம்லோடிபினால் கணுக்கால் வீங்குவது அம்லோடிபினின் வேலை, பெசிலேட்டின் வேலை இல்லை, மேலியேட் வாங்கினாலும் வீங்கத்தான் செய்யும். பெரிண்டோபிரிலின் வறட்டு இருமலும் அப்படியே, எர்பூமினில் இருமியவர் அர்ஜினைனிலும் இருமுவார், அவருக்குத் தேவை வேறு வகை மருந்து. ஆனால் நிறுவனம் மாறும்போது மாத்திரையில் சேர்க்கும் மாவு, நிறம், லாக்டோஸ் போன்றவை மாறலாம், யாரோ சிலருக்கு அவை ஒத்துக்கொள்ளாமல் போகலாம், அதை உப்பின் தலையில் போட வேண்டாம்.

ஜெனரிக் என்றாலே மட்டம் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. இங்கே மருந்துகளைப் பதிவு செய்வது சுகாதார அறிவியல் ஆணையம். ஜெனரிக் மாத்திரை மூல மாத்திரைக்கு நிகராக இரத்தத்தில் சேர்கிறது என்று தன்னார்வலர்களிடம் சோதித்துக் காட்ட வேண்டும், இரத்தத்தில் சேரும் மொத்த அளவையும் அது தொடும் உச்சத்தையும் மூல மாத்திரையோடு ஒப்பிட்டு வரும் விகிதம் 80 முதல் 125 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும். இதைக் கேட்டவுடன் ஓ, 20 விழுக்காடு மருந்து குறையலாம் போல என்று சிலர் சொல்வார்கள், அப்படி இல்லை. சராசரி மட்டும் அந்த எல்லைக்குள் இருந்தால் போதாது, சராசரியைச் சுற்றியுள்ள நிச்சயமின்மையின் மொத்த அகலமும் உள்ளே அடங்க வேண்டும், அதனால் தேர்வாகும் மாத்திரையின் சராசரி பெரும்பாலும் நூறுக்குப் பக்கத்திலேயே இருக்கும். உப்பு வேறாக இருந்தால் சட்டத்தின் பார்வை நாட்டுக்கு நாடு மாறும், ஐரோப்பியச் சட்டம் பாதுகாப்பிலோ பலனிலோ பெரிய வேறுபாடு இல்லாதவரை வேறு உப்புகளை ஒரே மருந்தாகக் கொள்கிறது, அமெரிக்காவில் அவை மாற்று வடிவங்கள், கடையிலேயே தானாக மாற்றிக் கொடுக்கும் பட்டியலில் சேராது.

நம்பிக்கை குறைந்ததற்கு ஒரு நியாயமான காரணமும் உண்டு. 2019 மார்ச்சில் இங்கே மூன்று லோசார்ட்டான் தயாரிப்புகளை ஆணையம் திரும்பப் பெற்றது, அனுமதித்த அளவுக்கு மேல் நைட்ரோசமைன் வகை மாசு இருந்ததால். அது தயாரிப்பு முறையில் உண்டான மாசு, பொட்டாசியம் உப்பு என்பதால் வந்ததில்லை. அந்தச் செய்தியைக் கேட்டு மருந்தையே நிறுத்திக்கொண்டவர்கள் இருந்தால், நிறுத்தியதால் வரும் ஆபத்துதான் பெரிது.

உப்பு வடிவம் எப்போதுமே பொருட்டில்லை என்று சொல்லிவிட முடியாது, அதற்கும் ஓர் உதாரணம் உண்டு. இதயம் பலவீனமானவர்களுக்குக் கொடுக்கும் என்ட்ரெஸ்டோவில் சகூபிட்ரிலும் வல்சார்ட்டானும் சோடியத்தோடு ஒரே படிகமாகச் சேர்ந்திருக்கின்றன. அந்த வடிவத்தில் வல்சார்ட்டான் நன்றாக உறிஞ்சப்படுவதால், அதிலுள்ள 103 மி.கி. வல்சார்ட்டான் சாதாரண மாத்திரையின் 160 மி.கி.க்குச் சமம். ஆகவே மில்லிகிராமை நேருக்கு நேர் வைத்து நீங்களே கணக்குப் போடாதீர்கள். மருந்தாளரிடம் கேட்டால் ஒரு நிமிட வேலை. பொதுத்துறை மருந்தகங்களில் வாங்கியது ஹெல்த்ஹப் செயலியில் தெரியும், ஜோகூரிலும் ஊரிலும் வாங்கியது அதில் வராது, அதை நீங்கள்தான் காட்ட வேண்டும். சொந்தப் பயன்பாட்டுக்கு மூன்று மாதத்துக்கான மாத்திரை வரை கொண்டுவர அனுமதி உண்டு. இங்கே பதிவான மருந்தின் பெட்டியில் SIN என்ற மூன்று ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண் பொதுவாக இருக்கும், ஆணையத்தின் இணையத்தளத்தில் தேடினால் உள்ளே இருப்பது எந்த உப்பு என்றும் தெரிந்துகொள்ளலாம்.

கடைசியாக, தொடக்கத்தில் பெரியவர்கள் பதறிய விஷயம். அழுத்தத்தை ஏற்றுவது முக்கியமாக சோடியம். பெசிலேட், அர்ஜினைன், சக்சினேட் எதிலும் சோடியம் இல்லை. வலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக் சோடியம் 50 மி.கி.யில்கூட சோடியம் 4 மி.கி.க்கும் குறைவு, அந்த மாத்திரை அழுத்தத்தை ஏற்றுவது உண்மை, ஆனால் ஏற்றுவது டைக்ளோஃபெனாக்தான், ஆகவே பொட்டாசியம் வகைக்கு மாறித் தப்பிக்க முடியாது. மாறாக, தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றில் ஏறத்தாழ 400 மி.கி. சோடியம் இருக்கும், நாளுக்கு ஆறு, எட்டு போட்டால் நாள் முழுக்கச் சாப்பாட்டில் அனுமதித்த 2,000 மி.கி. அதிலேயே தாண்டிவிடும். பிரஷர் இருப்பவர்கள் சாதாரணமாக விழுங்கும் பாராசிட்டமாலையே வாங்குங்கள்.

லோசார்ட்டான் பொட்டாசியம் 50 மி.கி.யில் பொட்டாசியம் வெறும் 4.24 மி.கி., ஒரு வாழைப்பழத்தில் சுமார் 400 மி.கி. இருக்கிறது. ஆனால் லோசார்ட்டானோ பெரிண்டோபிரிலோ, உப்பு எதுவானாலும், சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்றுவதைக் குறைக்கும், அதனால்தான் இவற்றைத் தொடங்கும்போது இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். இப்போது பேரங்காடிகளில் சோடியம் குறைந்த சமையல் உப்பு விற்கிறது, சோடியத்தின் ஒரு பங்கை எடுத்துவிட்டு அதற்குப் பதில் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்தது. சீனக் கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில் இப்படிப்பட்ட உப்பு பக்கவாதத்தைக் குறைத்தது, பெரும்பாலோருக்கு நல்ல மாற்றம்தான். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், லோசார்ட்டான், பெரிண்டோபிரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்றவற்றை எடுத்துக்கொள்பவர்களும் சமையலறையில் அந்த உப்பை மாற்றும் முன் டாக்டரைக் கேட்க வேண்டும், இரத்தத்தில் பொட்டாசியம் அதிகமானால் இதயத் துடிப்பே தாளம் தவறும்.